சுருங்கச் சொன்ன கட்டடம்: மாட்ரிட் மரவியாஸ் பள்ளியின் உடற்பயிற்சிக்கூடம்

முன்னுரை

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஒரு விளையாட்டுக்கூடத்தைப் பற்றிய கட்டுரை இடம்பெறுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும் நூலையும் கட்டடத்தையும் ஒருங்கு வைத்து எண்ணுவது தமிழ் மரபுக்குப் புதிதன்று. மாடத்துக்கு ஓவியமும் மாநகருக்குக் கோபுரமும் எவ்வாறோ அவ்வாறே நூலுக்குப் பாயிரம் என நன்னூற் பாயிரப்பகுதி உவமை கூறுகிறது. அதே பகுதியில்தான் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தும், அமையவேண்டிய அழகுகள் பத்தும் வகுத்துரைக்கப்படுகின்றன.

அக்குற்றங்களுள் முதலாவது குன்றக் கூறல். இரண்டாவது மிகைபடக் கூறல். பத்தாவது நின்று பயனின்மை. அழகுகளுள் முதலிரண்டு சுருங்கச் சொல்லலும் விளங்க வைத்தலும் ஆகும். குறைத்துச் சொல்வது குற்றமென்று கூறிய அதே இலக்கணம், சுருக்கிச் சொல்வதை அழகு என்கிறது. குறைத்தலுக்கும் சுருக்குதலுக்கும் இடையே உள்ள இந்த நுண்ணிய வேறுபாட்டை அறிந்தோர் இக்காலக் கட்டடக்கலையின் ஒரு பெரும்போக்கை எளிதில் விளங்கிக்கொள்வர். அவ்வேறுபாட்டை எஃகிலும் செங்கல்லிலும் எழுதிக் காட்டும் ஒரு கட்டடம் ஸ்பெயின் நாட்டின் தலைநகரான மாட்ரிட்டில் உள்ளது. அதனைப் படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எளிமை என்னும் கொள்கை

தேவைக்கு மேற்பட்ட அனைத்தையும் விலக்கி, வடிவம், ஒளி, பொருள் ஆகியவற்றைக் கொண்டே ஒரு கட்டடத்தைப் பேசவைக்கும் போக்கினை ‘மினிமலிசம்’ என்று மேலைநாட்டார் வழங்குவர். நாம் இதனை எளிமைக் கட்டடக்கலை எனக் குறிப்போம். இப்பெயர் முதலில் ஓவியம், சிற்பம் ஆகியவற்றைக் குறித்தே எழுந்தது. 1965ஆம் ஆண்டு ரிச்சர்ட் வோல்ஹைம் என்னும் ஆங்கில மெய்யியலறிஞர் எழுதிய கட்டுரை ஒன்றின் வாயிலாக அது கலை உலகில் பரவலாயிற்று. கட்டடங்களைக் குறிக்க அதனைப் பயன்படுத்தியது பின்னர் வந்த வழக்கு.

பெயர் பின்னர் வந்தாலும் கருத்து முன்னரே தோன்றிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வியன்னாவில் வாழ்ந்த அடால்ஃப் லூஸ், பயனற்ற அணிவேலைப்பாடு உழைப்பையும் பொருளையும் வீணடிப்பது என்று கடுமையாகக் கண்டித்தார். 1929ஆம் ஆண்டு பார்சிலோனா நகரில் நடைபெற்ற பன்னாட்டுப் பொருட்காட்சியில் ஜெர்மானியக் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ அமைத்த அரங்கம், சில சுவர்களும் ஒரு தட்டையான கூரையும் சில மெல்லிய தூண்களும் மட்டுமே கொண்டு கட்டடக்கலை வரலாற்றில் நிலையான இடம் பெற்றது. பொருட்காட்சி முடிந்தபின் பிரிக்கப்பட்ட அவ்வரங்கம் 1986இல் அதே இடத்தில் மீண்டும் எழுப்பப்பட்டது.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. பார்சிலோனா அரங்கம் எளிமையானது, ஆனால் மலிவானதன்று. அதன் சுவர்களுக்கு உயர்ந்த பளிங்கும் ஓனிக்ஸ் கல்லும் பயன்பட்டன. காண்பதற்கு எளிமையாக இருப்பது வேறு. தேவையை அறிந்து எளிமையாக அமைவது வேறு. இரண்டாம் வகைக்கே நாம் இங்கு எடுத்துக்கொண்ட மாட்ரிட் கட்டடம் உரியது.

விளையாட்டுக்கூடம் வேண்டுவன யாவை?

ஒரு கட்டடம் சுருங்கச் சொல்கிறதா, குன்றக் கூறுகிறதா என்று தீர்மானிப்பதற்கு, அது சொல்ல வேண்டியது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். உள்விளையாட்டரங்கம் ஒன்றின் தேவைகள் மிகத் தெளிவானவை. கூடைப்பந்து ஆடுகளம் 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உடையது. கைப்பந்து ஆடுகளம் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்டது. இரண்டிற்கும் களத்துக்கு மேலே குறைந்தது 7 மீட்டர் உயரம் தடையின்றி இருத்தல் வேண்டும் என்பது விதி. ஆடுவோர் ஓடித் திரும்புவதற்குச் சுற்றிலும் வெற்றிடம் தேவை. இவ்வளவு பரப்பின் நடுவே ஒரு தூண்கூட நிற்கலாகாது.

இவற்றோடு ஒளியும் தேவை. அவ்வொளி ஆடுவோரின் கண்ணைக் கூசச் செய்யலாகாது. மேலே எழும் பந்தை அண்ணாந்து பார்ப்பவன் கண்ணில் வெயில் நேராகப் படுமாயின் அந்தக் கூடம் எவ்வளவு அழகுடையதாயினும் பயனற்றதே. பலர் ஒருங்கே ஓடி வியர்க்கும் இடமாதலின் காற்றோட்டம் இன்றியமையாதது. பார்வையாளர் அமர இடமும், விழுவோரைக் காயப்படுத்தாத தரையும் வேண்டும். ஆக, தூணில்லாப் பரப்பு, உயரம், கூசாத ஒளி, காற்று, தரை, இருக்கை ஆகிய ஆறுமே விளையாட்டுக்கூடம் சொல்லவேண்டிய செய்திகள். இவற்றுள் ஒன்று விடுபடினும் அது குன்றக் கூறல். இவற்றிற்கு உதவாத ஒன்றைச் சேர்த்தல் மிகைபடக் கூறல்.

இடமும் இடர்ப்பாடும்

மாட்ரிட் நகரின் எல் வீசோ என்னும் பகுதியில் லா சால் சபைத் துறவியர் நடத்தும் மரவியாஸ் பள்ளி அமைந்துள்ளது. மரவியாஸ் என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு வியப்புகள் என்பது பொருள். அப்பள்ளிக்கு உடற்பயிற்சிக்கூடம் ஒன்று அமைக்கும் பொறுப்பு அலெஹாந்திரோ தெ லா சோத்தா என்னும் கட்டடக்கலைஞருக்குக் கிடைத்தது. ஸ்பெயினின் வடமேற்கில் கலீசியாப் பகுதியைச் சேர்ந்த பொந்தெவேத்ராவில் 1913ஆம் ஆண்டு பிறந்து, 1996ஆம் ஆண்டு மறைந்தவர் அவர். நெடுங்காலம் ஆசிரியராகவும் விளங்கியவர். 1960 முதல் 1962 வரையிலான ஆண்டுகளில் இக்கூடம் வரையப்பட்டுக் கட்டப்பட்டது.

அக்காலச் சூழலையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். 1936 முதல் 1939 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போர் ஸ்பெயினை வறுமையில் ஆழ்த்தியிருந்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் அந்நாடு ஏறக்குறைய உலகிலிருந்து ஒதுங்கியே வாழ்ந்தது. 1959ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட பொருளாதாரச் சீர்திருத்தத்திற்குப் பின்னரே வெளியுலக வணிகத்திற்குக் கதவுகள் திறந்தன. செலவு செய்யத் தயங்கிய காலம் அது என்பதை அறிந்தால், இக்கட்டடத்தின் சிக்கனம் வெறும் கலைவிருப்பத்தால் மட்டும் எழுந்ததன்று என்பது புலனாகும்.

கொடுக்கப்பட்ட இடமோ எளிதானதாக இல்லை. பள்ளியின் பழைய கட்டடமும் விளையாட்டு முற்றமும் மேட்டில் இருந்தன. அதன் தெற்கே ஹொவாகின் கோஸ்தா என்னும் பெருந்தெரு தாழ்வில் ஓடியது. முற்றத்திற்கும் தெருவிற்கும் இடையே ஏறத்தாழ 12 மீட்டர் உயர வேறுபாடு. இடையில் இருந்தது ஒடுங்கிய ஒரு சரிவு நிலம். பள்ளிக்கு உடற்பயிற்சிக்கூடமும் வேண்டும்; வகுப்பறைகளும் போதவில்லை; மாணவர் ஆடும் முற்றமும் சிறிது.

வழக்கமான முறையில் எண்ணுவோர் என்ன செய்திருப்பர்? மேட்டு மண் சரியாதவாறு பெரியதொரு தாங்குசுவரை எழுப்புவர். அதன் கீழே தெருவை ஒட்டிக் கூடத்தைக் கட்டுவர். வகுப்பறைகளுக்கு வேறோர் இடம் தேடுவர். முற்றத்தைப் பெருக்க இயலாது என்று கைவிடுவர். ஒவ்வொரு தேவைக்கும் ஒரு தனிக் கட்டடம், ஒரு தனிச் செலவு என்று கணக்கு வளர்ந்துகொண்டே செல்லும்.

தலைகீழாகத் திரும்பிய சட்டகம்

தெ லா சோத்தா கண்ட தீர்வைப் புரிந்துகொள்ளக் கூரையின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். நடுவில் தூணின்றி அகன்ற இடத்தை மூடுவதற்கு எஃகுக் கம்பிகளை முக்கோணம் முக்கோணமாக இணைத்துச் சட்டகம் அமைப்பர். நம் நாட்டுக் கட்டடத் தொழிலாளரும் இதனை ‘டிரஸ்’ என்றே வழங்குவர். இருமுனைகளிலும் தாங்கப்பட்டு மேலே சுமை ஏற்றப்பட்ட எந்தச் சட்டகமும் நடுவில்தான் மிகுதியாக வளைய முற்படும். ஒரு நீண்ட பலகையின் இருமுனைகளையும் கற்களின்மேல் வைத்து நடந்து பார்த்தால் இவ்வுண்மை எவர்க்கும் விளங்கும். ஆகவே சட்டகத்தின் நடுப்பகுதி ஓரங்களைவிடப் பருத்து ஆழமாக இருத்தல் நன்று.

அந்த ஆழத்தை மேல்நோக்கி வைப்பதே பெருவழக்கு. நாம் எங்கும் காணும் கூம்பிய ஆலைக் கூரைகளும் கிடங்குக் கூரைகளும் அவ்வாறு அமைந்தவையே. அவற்றில் சட்டகத்துக்குள் இருக்கும் வெற்றிடம் எதற்கும் பயன்படுவதில்லை. வௌவாலும் புறாவும் குடியிருக்கும் இடமாகவே அது கழிகிறது.

தெ லா சோத்தா அதனைத் தலைகீழாகத் திருப்பினார். சட்டகத்தின் மேல்விளிம்பு தட்டையாகவும், கீழ்விளிம்பு தொங்கும் கயிறுபோல் வளைந்து கீழ்நோக்கிப் பருத்தும் அமைந்தது. ஏறத்தாழ 20 மீட்டர் அகலத்தைத் தாண்டும் இத்தகைய சட்டகங்கள் வரிசையாக ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக நிறுத்தப்பட்டன. இவ்வொரு திருப்பத்தால் விளைந்த பயன்களை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, சட்டகங்களின் மேல்விளிம்பு தட்டையானதால் கூரையே ஒரு தளமாயிற்று. அதன் மட்டம் மேட்டிலுள்ள பழைய முற்றத்தின் மட்டத்தோடு ஒன்றியது. பெருக்கவே முடியாது என்று எண்ணத்தக்க விளையாட்டு முற்றம், கூரையின்மேல் தொடர்ந்து தெருவின் விளிம்பு வரை நீண்டது.

இரண்டாவது, இரு சட்டகங்களுக்கு இடையே இருந்த ஆழமான வெற்றிடங்கள் அறைகளாயின. கீழ்நோக்கி வளைந்து இறங்கும் தளம், படிவரிசை இருக்கைகள் கொண்ட விரிவுரை அறைகளுக்கு இயல்பாகவே பொருந்தியது. பிற கூரைகளில் வீணாகும் இடம் இங்குக் கல்விக்குப் பயன்பட்டது.

மூன்றாவது, அறைகளின் அடிப்புறமே கீழேயுள்ள கூடத்தின் வளைந்த மேற்கூரையாயிற்று. கூடத்தின் நடுவில் தாழ்ந்தும் ஓரங்களை நோக்கி உயர்ந்தும் அது செல்கிறது. இவ்வாறு தாழ்வதற்குத் தேவையான உயரத்தை அந்த 12 மீட்டர் வேறுபாடே தந்தது. இடர்ப்பாடாகத் தோன்றிய சரிவே தீர்வுக்கு மூலப்பொருளாயிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஒரே உறுப்பு கூரையாகவும் தளமாகவும் அறையாகவும் முற்றமாகவும் பணிபுரிகிறது. நான்கு பொருளை உணர்த்த நான்கு சொற்களை அடுக்காமல், ஒரு சொல்லை அதற்குரிய இடத்தில் வைத்து நான்கையும் உணர்த்தும் புலமைக்கு இது நிகரானது. சுருங்கச் சொல்லல் என்பதன் உண்மைப் பொருள் இதுவே. பொருளை வெட்டிக் குறைத்தல் சுருக்கம் ஆகாது. ஒன்றைக் கொண்டு பலவற்றை நிறைவேற்றுதலே சுருக்கம் ஆகும்.

ஒளியும் காற்றும்

கூடத்தின் மேற்கூரை ஓரங்களை நோக்கி உயர்கிறது என்று கண்டோம். அவ்வாறு உயர்ந்து முடியும் தெருப்பக்க விளிம்பில் கண்ணாடிச் சாளரங்கள் நீளவாக்கில் அமைந்துள்ளன. அவை ஆடுவோரின் பார்வை மட்டத்திற்கு மிக மேலே இருப்பதால், தெருவின் ஓட்டமும் ஆரவாரமும் ஆட்டத்தில் குறுக்கிடுவதில்லை. உயரத்திலிருந்து புகும் பகலொளி வளைந்த மேற்கூரையைத் தழுவியவாறு கூடத்தின் உட்புறம் நோக்கிப் பரவுகிறது. நேர்வெயிலாக விழுவதைவிட, ஒரு பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியே கண்ணுக்கு இதமானது. ஆகவே மேற்கூரையின் வளைவு ஒளியைப் பரப்பும் கருவியாகவும் பயன்படுகிறது. காற்றும் அவ்வழியே வந்துபோகிறது.

உள்ளே நிற்பவர் காண்பவை எஃகுச் சட்டகத்தின் உறுப்புகள், மரம், செங்கல், கண்ணாடி ஆகியவையே. எஃகை மறைக்கும் பூச்சுவேலை இல்லை. கல்லைப் போல் நடிக்கும் காரை இல்லை. எது எதைத் தாங்குகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்குகிறது. பள்ளிச் சிறுவன் ஒருவன் பந்துக்காகக் காத்து நிற்கும் பொழுதில் அண்ணாந்து பார்த்தால், ஒரு கட்டடம் எவ்வாறு நிற்கிறது என்னும் பாடத்தை ஆசிரியர் இன்றியே கற்றுக்கொள்வான். விளங்க வைத்தல் என்னும் இரண்டாம் அழகு இங்கு நிறைவேறுகிறது.

தெருவுக்குக் காட்டும் முகம்

இத்துணை நுட்பம் வாய்ந்த கட்டடம் தெருவில் செல்வோர்க்கு எவ்வாறு தோன்றும்? கீழே செங்கற்சுவர், அதன்மேல் நீண்ட கண்ணாடிப் பட்டைகள், மேலே சற்றே முன்தள்ளிய சாளரங்கள், எல்லாவற்றிற்கும் உச்சியில் பந்து தெருவில் விழாமல் காக்கும் கம்பிவலை. தூண்மண்டபமோ, உயர்ந்த வாயில்வளைவோ இல்லை. ஏதோ ஒரு தொழிற்கூடம் போலும் என்று எண்ணி ஒருவர் கடந்து செல்லவும் கூடும்.

ஆயினும் சற்று நின்று பார்ப்பவர், கீழிருந்து மேலே செல்லச் செல்ல அக்கட்டடம் கனம் குறைந்துகொண்டே போவதை உணர்வர். செங்கல்லின் திண்மை கண்ணாடியின் மென்மையாகி, முடிவில் வலையாக நெகிழ்ந்து வானத்தில் கலந்துவிடுகிறது. இந்த அழகு பின்னர் ஒட்டவைத்த ஒன்றன்று. மண்ணைத் தாங்கவேண்டிய இடத்தில் செங்கல்லும், ஒளி புகவேண்டிய இடத்தில் கண்ணாடியும், பந்தைத் தடுக்கவேண்டிய இடத்தில் வலையும் வைக்கப்பட்டதனால் தானே தோன்றிய அழகு அது.

இக்கட்டடத்தைக் குறித்துத் தெ லா சோத்தா பிற்காலத்தில் எழுதிய குறிப்பு பெரிதும் பேசப்படுவது. கட்டடக்கலை செய்யாதிருப்பதே அதனைச் செய்வதற்கு ஒரு வழி என்றும், அன்று ஒரு சிக்கலுக்குத் தீர்வு காணப்பட்டது, அது இன்றும் பயன்பட்டு வருகிறது, அதில் இல்லாத கட்டடக்கலையை எவரும் தேடியதாகத் தெரியவில்லை என்றும் கருத்துப்பட அவர் எழுதினார். அடக்கமும் சிறிது குறும்பும் கலந்த கூற்று இது. நின்று பயனின்மை என்னும் குற்றத்திற்கு நேர்மாறாக, நின்று பயன் தருவதையே தம் கட்டடத்தின் பெருமையாக அவர் கொண்டார்.

காட்டும் அழகும் காட்டாத அழகும்

இதே காலத்தில் எழுந்த வேறு இரு விளையாட்டரங்குகளோடு ஒப்பிட்டால் மாட்ரிட் கூடத்தின் தனித்தன்மை மேலும் துலங்கும். ஒன்று, 1960ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்கென ரோம் நகரில் 1957இல் கட்டி முடிக்கப்பட்ட சிறிய விளையாட்டு அரண்மனை. பொறியாளர் பியர் லூயிஜி நெர்வியும் கட்டடக்கலைஞர் அன்னிபாலே வித்தெல்லோத்சியும் அமைத்த அவ்வரங்கின் குவிமாடம் ஏறத்தாழ 60 மீட்டர் விட்டமுடையது. வானை நோக்கிக் கைகளை விரித்தாற்போன்ற 36 கவைத்தூண்கள் அதனைச் சுற்றிலும் தாங்குகின்றன. முன்னரே வார்த்தெடுத்த மெல்லிய கற்காரைத் துண்டுகளை இணைத்துக் கட்டியதால் உட்புறக் குவிமாடம் முழுவதும் மலரின் இதழடுக்குப் போன்ற வரிகள் அமைந்தன. அவ்வரிகள் அழகுக்கு மட்டும் உரியனவல்ல. குவிமாடத்தின் வலிமையும் அவற்றில்தான் உள்ளது.

மற்றொன்று, 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்காக டோக்கியோவில் கென்சோ டாங்கே அமைத்த யோயோகி அரங்கம். உயர்ந்த இரு கம்பங்களுக்கிடையே எஃகு வடங்களைத் தொங்கவிட்டு, அவற்றின்மேல் கூரையை விரித்த அமைப்பு அது.

இவ்விரண்டும் சிக்கனமான அமைப்புகளே. எனினும் உலகமே கூடும் விழாவுக்குரியவை ஆதலின், தம் வலிமையை வெளியே காட்டி நிற்கின்றன. மாட்ரிட் கூடமோ அன்றாடம் பள்ளிச் சிறுவர் பயிலும் இடம். விழாக்கோலம் அதற்கு வேண்டுவதில்லை. அதன் அறிவு முழுவதும் உள்ளே அடங்கியிருக்கிறது. காவியத்திற்கு ஏற்ற நடை வேறு. நாள்தோறும் பேசும் உரைக்கு ஏற்ற நடை வேறு. இடமறிந்து நடையைத் தேர்ந்துகொள்வதும் புலமையின் ஒரு கூறே.

அல்ஹம்ரா கற்பித்த பாடம்

ஸ்பெயினின் கட்டடக்கலைஞர்கள் இத்தகைய அடக்கத்தை மேலைநாட்டுப் புதுமையிலிருந்து மட்டும் கற்றனர் என்று கூறுவதற்கில்லை. 1952ஆம் ஆண்டு அந்நாட்டுக் கட்டடக்கலைஞர் பலர் கிரானடா நகரில் உள்ள அல்ஹம்ரா அரண்மனையில் ஒன்றுகூடினர். நஸ்ரி மரபினரான முஸ்லிம் மன்னர்கள் எழுப்பிய அவ்வரண்மனையிலிருந்து தம் காலக் கட்டடக்கலை எவற்றைக் கற்கலாம் என்று அவர்கள் ஆராய்ந்தனர். அவ்வாய்வின் விளைவாக 1953ஆம் ஆண்டு வெளிவந்தது ‘அல்ஹம்ரா அறிக்கை’.

அல்ஹம்ராவின் உட்புறம் நுண்ணிய சுதைவேலைக்கும் எழுத்தணிக்கும் உலகப்புகழ் பெற்றது. ஆயினும் அவ்வறிக்கையினர் அந்த அணிகளைப் படியெடுக்கச் சொல்லவில்லை. மனித அளவுக்கு ஏற்ற அறைகள், முற்றமும் அறையும் ஒன்றோடொன்று பொருந்தும் முறை, நீரையும் ஒளியையும் தோட்டத்தையும் கட்டடத்தின் உறுப்பாகவே கொள்ளுதல், வெளியே பகட்டின்றி நிற்கும் சுவர்கள் ஆகியவற்றில் இக்காலத்திற்கு உரிய பாடம் இருப்பதாக அவர்கள் கருதினர். மரவியாஸ் கூடத்தை அல்ஹம்ராவின் நேர்வாரிசு என்று கூறுதல் பொருந்தாது. எனினும் வெளிப்பகட்டைக் குறைத்து உள்ளமைப்பில் கருத்தைச் செலுத்தும் ஒரு சிந்தனை, ஸ்பெயின் மண்ணில் அக்கூடம் எழுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பேசப்பட்டது என்பது வரலாறு. பழமையை மதித்தல் என்பது அதன் தோற்றத்தை ஒட்டவைத்தல் அன்று, அதன் அறிவைப் பெறுதலே என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

வெப்ப நிலத்தில் ஒரு சான்று

இவையெல்லாம் ஐரோப்பாவுக்குப் பொருந்தலாம், வெயிலும் மழையும் மிக்க நிலத்துக்குப் பொருந்துமா என்று ஒருவர் வினவலாம். அதற்கு விடையாக பிரேசில் நாட்டின் வடகிழக்குக் கடற்கரையில் உள்ள நாதால் நகரைக் காட்டலாம். அந்நகரில் எளிய மக்கள் நெருங்கி வாழும் மாய் லூயிசா என்னும் குடியிருப்பில், 2014ஆம் ஆண்டு ‘அரேனா தோ மோரோ’ என்னும் விளையாட்டுக்கூடம் திறக்கப்பட்டது. சுவிட்சர்லாந்து நாட்டின் ஹெர்சோக், தெ மெரோன் ஆகிய இரு கட்டடக்கலைஞரின் நிறுவனம் அதனை வடிவமைத்தது.

அங்கும் கட்டடம் என்பது பெரும்பாலும் ஒரு கூரையே. நெளிதகடுகளால் ஆன அகன்ற வெண்கூரை ஒன்று ஆடுகளத்தையும் இருக்கைகளையும் அறைகளையும் ஒருங்கே மூடுகிறது. தகடுகளுக்கிடையே விடப்பட்ட இடைவெளிகள் ஒளியையும் காற்றையும் உள்ளே விடுகின்றன, மழையைத் தடுக்கின்றன. சுவர்களோ துளையுள்ள கற்காரைக் கட்டிகளால் எழுப்பப்பட்டவை. கடற்காற்று அவற்றினூடே நுழைந்து செல்கிறது. இரவில் உள்விளக்கின் ஒளி அத்துளைகள் வழியே வெளியே கசிந்து தெருவுக்கும் வெளிச்சம் தருகிறது. மாட்ரிட்டில் சரிவு நிலம் தந்த விடையை இங்குக் கடற்காற்று தந்தது. வடிவங்கள் வேறு, முறை ஒன்றே. இருப்பதை அறிந்து, வேண்டுவதைத் தெரிந்து, ஒன்றைப் பலவாகப் பயன்கொள்ளும் முறை அது.

போலி எளிமை

எளிமைக்கும் போலிகள் உண்டு. வெண்சுவரும் பளபளக்கும் கண்ணாடி முகப்பும் இருந்துவிட்டால் அது எளிமைக் கட்டடம் என்று எண்ணும் வழக்கம் இன்று பரவியுள்ளது. கோடை வெயிலை முழுவதும் உள்ளே வாங்கிக்கொள்ளும் கண்ணாடிச் சுவரைக் கட்டிவிட்டு, அவ்வெப்பத்தை வெளியேற்றப் பகலெல்லாம் குளிரூட்டும் பொறியை ஓட்டுவது எளிமை ஆகாது. பகலிலும் விளக்கெரித்தால்தான் ஆடமுடியும் என்றிருக்கும் கூடம், வெளித்தோற்றத்தில் எத்துணைத் துறவுக்கோலம் பூண்டாலும் உண்மையில் ஆடம்பரமே. அது சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டதனால் குன்றக் கூறலும், வேண்டாததற்குச் செலவிடுவதனால் மிகைபடக் கூறலும் ஆகிய இரு குற்றங்களையும் ஒருங்கே உடையது.

அணியே தவறு என்று நாம் கூறவரவில்லை. மாடத்துக்கு ஓவியம் அழகு என்று நன்னூல் மரபே ஒப்புகிறது. ஆனால் மாடம் ஒழுகும்போது ஓவியத்திற்குச் செலவிடுவார் இல்லை. மேலும், எளிமை எளிதானதன்று. அணிவேலை நிறைந்த சுவரில் ஒரு பிழை நேர்ந்தால் மற்றோர் அணி அதனை மறைத்துவிடும். ஒன்றையும் மறைக்காத கட்டடத்தில் ஒவ்வோர் இணைப்பும் செம்மையாக இருத்தல் வேண்டும். ஏழே சீரில் முடியும் குறளில் ஒரு சீர் பிறழ்ந்தாலும் செப்பலோசை கெடுவது போன்றதே இது. ஆகவே எளிய கட்டடம் எழுப்புவோர் தொழிலாளரின் கைத்திறனுக்கும், வரைபடத்தைத் திரும்பத் திரும்பத் திருத்துவதற்கும் உரிய காலத்தை ஒதுக்குதல் வேண்டும். செங்கல்லில் மிச்சமாவதைச் சிந்தனையில் செலவிட்டே ஆகவேண்டும்.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றால் எளிமைக் கட்டடக்கலை என்பது வறுமையின் தோற்றமன்று என்பதும், வெண்சுவர் நாகரிகமுமன்று என்பதும், தேவையை முற்ற அறிந்தபின் ஒவ்வோர் உறுப்பையும் பல பயன்களுக்கு உரியதாக்கும் அறிவே அது என்பதும் தெளிவாகும். மரவியாஸ் பள்ளிக்கூடத்தின் சட்டகம் அதற்குச் சிறந்த விளக்க உதாரணம்.

கல்வி நிலையங்களின் கட்டடங்கள் பெரும்பாலும் பலர் சிறுகச் சிறுகக் கொடுத்த பொருளால் எழுவன. அப்பொருளை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பெரியோர் முன்னிலையில் வரைபடம் விரிக்கப்படும்போது, முகப்பு எப்படி இருக்கும் என்பதே பெரும்பாலும் முதல் வினாவாக எழுகிறது. முதல் வினா வேறாக இருத்தல் நன்று. பந்தை அண்ணாந்து பார்க்கும் மாணவனின் கண்ணில் வெயில் படுமா? பங்குனி, சித்திரையில் விசிறியின்றி மூச்சுவிட இயலுமா? இந்தக் கூரையின்மேல் வேறு ஏதேனும் செய்ய முடியுமா? இந்தச் சுவர் சுவராக நிற்பதோடு வேறு எப்பணியைச் செய்யும்? இந்நிலத்தின் குறை என்று நாம் கருதுவது உண்மையில் குறைதானா? இவ்வினாக்களை எழுப்பப் பொறியியற்பட்டம் தேவையில்லை. நன்னூலின் பத்துக் குற்றத்தையும் பத்து அழகையும் பயின்ற தமிழ் மாணவரும் இவற்றைக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

மாட்ரிட் நகரின் அக்கூடத்துக் கூரையின்மேல் சிறுவர் ஆட, அதன் வயிற்றுக்குள் மாணவர் பாடம் கேட்க, அதன் அடியில் வேறு சிலர் உடற்பயிற்சி செய்யுமாறு ஒரே அமைப்பு மூன்றையும் தாங்கி நிற்கிறது. தெருவில் செல்வோர்க்கு அது தன் பெருமையைச் சொல்வதில்லை. சொல்லவேண்டியதை உள்ளிருப்போர்க்குக் குறைவின்றிச் சொல்கிறது. நல்ல உரைநடைக்கும் நல்ல கட்டடத்துக்கும் இலக்கணம் இதுவே என்று கூறி நாம் அமைவோம்.